சித்தி கொடுத்த டம்ளர்

ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கலாமா? பரீட்சையில நீங்க ஃபுல் மார்க் வாங்கின ஒரு விஷயத்தை, நிஜ வாழ்க்கையில நீங்களே நம்பாம நடந்துக்கிட்டது உண்டா?

நான் நடந்துக்கிட்டிருக்கேன். ஒரு டம்ளர் மோர் விஷயத்துல.

எனக்கு ஊர் நாமக்கல் பக்கம். எங்க ஊர்ல எந்த வீட்டை எடுத்துக்கிட்டாலும் லாரியோட ஏதாவது ஒரு சம்பந்தம் இருக்கும். ஓட்டுறவங்க, பாடி கட்டுறவங்க, டயர் கடை வெச்சிருக்கவங்க, ஃபைனான்ஸ் விடுறவங்க. என் சித்தப்பா ஓட்டுறவர். வட இந்தியா லைன். வரும்போதெல்லாம் எனக்குக் கண்ணாடி வளையல் வாங்கிட்டு வருவார்.

2002-ல சித்தப்பா இறந்துட்டார். 'மஞ்சக்காமாலை முத்திப்போச்சு'ன்னு ஊருக்குச் சொன்னோம். அடுத்த வருஷம் சித்திக்கு டெஸ்ட் எடுத்தப்ப ஹெச்.ஐ.வி. பாசிட்டிவ். அவங்க பையனுக்கு, அதாவது என் தம்பிக்கு, நெகட்டிவ். எங்க வீட்டுல அந்த வியாதியோட பேரை அதுக்கப்புறம் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்ல. 'அந்த நோவு'. அவ்வளவுதான். ஆத்தா, சித்திக்குன்னு தனித் தட்டு, தனி டம்ளர் எடுத்து வெச்சுட்டாங்க. ஆறே மாசத்துல சித்தி, தெருக்கோடியில ஒரு ஒத்தை ரூம் வீட்டுக்குத் தையல் மிஷினோட போயிட்டாங்க. யாரும் 'போ'ன்னு சொல்லல. 'இரு'ன்னும் சொல்லல.

2005 மே மாசம். பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி ஃபைனல் எக்ஸாம் முடிச்சுட்டு லீவுல இருக்கேன். ஜாக்கெட் துணி கொடுத்துட்டு வரச்சொல்லி அம்மா என்னை சித்தி வீட்டுக்கு அனுப்பினாங்க. கத்திரி வெயில். சித்தி சிரிச்சுக்கிட்டே, "வா கண்ணு, உக்காரு"ன்னு சொல்லி, ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து நீட்டினாங்க.

"இப்பத்தான் சித்தி வீட்டுல குடிச்சுட்டு வந்தேன்..."

பொய். தொண்டை வறண்டு கிடந்துச்சு.

சித்தி ஒரு செகண்ட் என்னையே பார்த்தாங்க. ஒண்ணும் சொல்லல. வாசலுக்குப் போய் அந்த மோரைக் கருவேப்பிலைச் செடிக்கு ஊத்திட்டு வந்தாங்க. "செடிக்கு நல்லதுதான்"னு மட்டும் சொன்னாங்க.

இதுல கொடுமை என்னன்னா, அதுக்கு மூணு வாரம் முன்னாடிதான் 'ஹெச்.ஐ.வி. எப்படியெல்லாம் பரவாது?'ன்னு ஒரு அஞ்சு மார்க் கேள்விக்குப் பதில் எழுதியிருந்தேன். கை குலுக்கினா பரவாது, சேர்ந்து சாப்பிட்டா பரவாது, பாத்திரத்தால பரவாது, கொசுவால பரவாது. மார்ஜின் விட்டு, ஸ்கெட்ச் பேனால அடிக்கோடு எல்லாம் போட்டு!

சித்தி கேட்ட கேள்வி

கிளம்பும்போது சித்தி ஒரு மஞ்சப் பையில இருந்து ஒரு சீட்டை எடுத்தாங்க. அவங்க டெஸ்ட் ரிப்போர்ட்.

"கண்ணு, நீ இதெல்லாம் படிக்கிற புள்ளதானே? இதுல 'ஆன்டிபாடி பாசிட்டிவ்'னு போட்டிருக்குது. ஆன்டிபாடின்னா எதிர்ப்பு சக்தின்னு அங்க இருந்த அம்மா சொன்னாங்க. என் ஒடம்புல எதிர்ப்பு சக்தி இருக்குதுன்னா அது நல்லதுதானே? அப்புறம் எதுக்கு இந்தக் கிருமி என்னைய விட்டுப் போகமாட்டேங்குது?"

சித்தி எட்டாவது வரைக்கும்தான் படிச்சவங்க. நான் டிகிரி முடிச்சவ. ஆனா என்கிட்ட பதில் இல்ல. "அது வந்து சித்தி... இந்த வைரஸ் ரொம்ப ஸ்ட்ராங்கு"ன்னு உளறிட்டு ஓடி வந்துட்டேன்.

நீங்களே யோசிச்சுப் பாருங்க. அம்மை வந்தா உடம்பு ஆன்டிபாடி தயாரிக்குது, வைரஸ் காலி. தடுப்பூசியோட அடிப்படையே அதுதான். ஹெச்.ஐ.வி.யிலயும் சில வாரத்துல ஆன்டிபாடி வந்துடுது. எலிசா டெஸ்ட் கண்டுபிடிக்கறதே அதைத்தான். பிறகு ஏன் வைரஸ் ஜெயிக்குது? உலகத்துல உள்ள பெரிய பெரிய லேப் எல்லாம் மண்டையை உடைச்சுக்கிட்டு இருந்த கேள்வியைத்தான் சித்தி தையல் மிஷின் பக்கத்துல உக்காந்து கேட்டிருக்காங்கன்னு எனக்கு அப்ப தெரியாது.

சீட்டுக் குலுக்கல் செமினார்

அந்த வருஷமே கோயம்புத்தூர்ல எம்.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி சேர்ந்தேன். 2006-ல, மூணாவது செமஸ்டர். செமினார் டாபிக்கைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுக்கச் சொன்னாங்க எங்க மேடம். என் ஃபிரெண்டுக்கு வந்தது 'பீர் தயாரிப்பில் ஈஸ்ட்'. கிளாஸே விசில் அடிச்சுது. எனக்கு வந்த சீட்டுல இருந்தது, 'ரெட்ரோவைரஸ் உறைப் புரதங்களும் கிளைகோசைலேஷனும்'. பேரைப் படிக்கவே மூச்சு வாங்குச்சு. 'மாத்திக் கொடுங்க மேடம்'னு கெஞ்சலாம்னு நினைச்சேன். ஆனா சீட்டுக்குக் கீழ அடைப்புக்குறியில, 'உதாரணம்: ஹெச்.ஐ.வி.'ன்னு இருந்துச்சு. வாயை மூடிக்கிட்டு லைப்ரரிக்குப் போயிட்டேன்.

அங்க நான் முதல்ல படிச்சது நம்ம சென்னைக் கதை. 1986-ல், சென்னை மருத்துவக் கல்லூரியில் மைக்ரோபயாலஜி மாணவியாக இருந்த செல்லப்பன் நிர்மலா, டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் தன் ஆய்வுக்காக பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் ரத்த மாதிரி சேகரிக்கிறார். சென்னையில் எலிசா வசதி இல்லாததால், மாதிரிகளை எடுத்துக்கொண்டு வேலூர் சி.எம்.சி.க்குப் போகிறார். ஆறு மாதிரிகள் பாசிட்டிவ்! இந்தியாவில் ஹெச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் முதன்முதலாகத் தெரிய வந்தது. ஒரு ஸ்டூடன்ட்டோட ஆய்வு, பாஸ்! 'நம்ம ஊர்ல அதெல்லாம் கிடையாது'ன்னு எல்லாரும் நம்பிக்கிட்டு இருந்தப்ப, போய்ப் பார்த்தாத்தானே தெரியும்னு கிளம்பின ஒரு ஸ்டூடன்ட்.

அந்த மாதிரிகள் அமெரிக்காவுக்குப் போய் வெஸ்டர்ன் பிளாட் டெஸ்ட்டில் உறுதியாச்சு. அந்த டெஸ்ட்ல தெரியற கோடுகளில் மூணுக்குப் பேரு ஜிபி160, ஜிபி120, ஜிபி41. செல்போன் மெமரி ஜிபி இல்ல! 'ஜிபி'ன்னா கிளைகோபுரோட்டீன். அதாவது சர்க்கரை ஒட்டின புரதம். பக்கத்துல இருக்கற நம்பர் அதோட எடை, கிலோடால்டன் கணக்குல.

முள்ளும் சர்க்கரையும்

பயப்படாதீங்க. கிளாஸ் எடுக்கப்போறதில்ல. கதை மாதிரியே சொல்றேன்.

ஹெச்.ஐ.வி. ஒரு குட்டி உருண்டை. குறுக்களவு 100 நானோமீட்டருக்குக் கொஞ்சம் மேல. அதோட உறை மேல முள்ளு முள்ளா நீட்டிக்கிட்டு இருக்கும். நம்ம செல்லைப் பிடிக்கறதுக்கு அதுக்கு இருக்கற ஒரே கொக்கி அந்த முள்ளுதான். ஃப்ளூ வைரஸ் மேல நூத்துக்கணக்குல முள்ளு உண்டு. ஹெச்.ஐ.வி. மேல சராசரியா 14 அளவுக்குத்தான். ரொம்பக் கஞ்சம்!

முள்ளு தயாராகற விதம் இதுதான். முதல்ல ஜிபி160 என்ற ஒரே நீளச் சங்கிலி. நம்ம செல்லுல இருக்கற ஃபியூரின் என்ற என்சைம் அதை ரெண்டா வெட்டுது. வெளியே தொப்பி மாதிரி ஜிபி120. உறையில் ஊன்றி நிற்கும் காம்பு ஜிபி41. இப்படி மூணு ஜோடி சேர்ந்தா ஒரு முள்ளு. ஜிபி120 போய் வெள்ளணுவின் மேல இருக்கற சிடி4-ஐப் பிடிக்கும். பிறகு சிசிஆர்5 மாதிரி இன்னொரு பிடிமானம். அப்புறம் ஜிபி41 ஈட்டி மாதிரி நீண்டு நம்ம செல்லோட சவ்வுல குத்தி, மடங்கி, வைரஸையும் செல்லையும் பக்கத்துல இழுத்து ஒட்டவெச்சுடும். உள்ளே போயாச்சு.

சரி, இந்த முள்ளை ஆன்டிபாடி பிடிச்சுட்டா கதை முடிஞ்சுதே? அங்கதான் சர்க்கரை வருது.

ஜிபி120 எடையில் கிட்டத்தட்ட பாதி சர்க்கரை! புரதச் சங்கிலியில் அஸ்பரஜின், அடுத்து புரோலின் தவிர எது வேண்டுமானாலும், அதற்கு அடுத்து செரின் அல்லது திரியோனின்... இந்த வரிசை வந்தா, 'இங்கே சர்க்கரை ஒட்டு'ன்னு செல்லுக்குச் சொல்ற மாதிரி. உடனே எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்துல இருக்கற என்சைம், 14 சர்க்கரை சேர்ந்த ஒரு கிளையை அப்படியே தூக்கி ஒட்டிடும். ரெண்டு என்-அசிட்டைல் குளுக்கோசமைன், ஒன்பது மேனோஸ், மூணு குளுக்கோஸ். ஒரு ஜிபி120-ல இந்த மாதிரி சுமார் 25 இடம். ஜிபி41-ல இன்னும் நாலு. மூணால பெருக்குங்க. ஒரே ஒரு முள்ளு மேல 80, 90 சர்க்கரை மரம்! முள்ளு மேல ஒரு தோப்பே நிக்குது.

சாதாரணப் புரதமா இருந்தா, கோல்கியில் வேற என்சைம்கள் வந்து அந்த மேனோஸைக் கத்தரிச்சு, வேற சர்க்கரைகளைச் சேர்த்து மாத்திவிடும். ஆனா ஜிபி120 மேல மரங்கள் அவ்வளவு நெருக்கம். சில இடத்துல என்சைமே உள்ளே நுழைய முடியாது. அதனால மேனோஸ் கொத்துக் கொத்தா அப்படியே மிச்சம் நிக்கும். என்சைமே நுழைய முடியாத இடத்துல, அதைவிடப் பெரிய ஆன்டிபாடி எப்படி நுழையும்?

இதுல உச்சகட்டம் என்ன தெரியுமா? அந்தச் சர்க்கரை எதுவும் வைரஸோடது இல்ல. வைரஸுக்கு மொத்தமே ஒன்பது ஜீன்தான். சர்க்கரை ஒட்டுற வசதியெல்லாம் அதுகிட்ட கிடையாது. ஒட்டுறது நம்ம செல். சர்க்கரையும் நம்ம சர்க்கரை. அதனால, நம்ம நோய் எதிர்ப்பு மண்டலம் அதைப் பார்த்து 'அட, நம்மாளு!'ன்னு விட்டுடுது.

அதுமட்டுமில்ல. சிகிச்சை எடுக்காத ஒருத்தர் உடம்புல ஒரு நாளைக்குச் சுமார் 1,000 கோடி வைரஸ் உருவாகுதுன்னு 1996-ல் கணக்குப் போட்டிருக்காங்க. நகல் எடுக்கும்போது தப்பு விழுந்தா திருத்தற பழக்கம் இந்த வைரஸுக்குக் கிடையாது. தப்பு விழ விழ, சர்க்கரை ஒட்டுற இடமும் நகர்ந்துக்கிட்டே இருக்கும். 2003-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஷாவின் குழு இதை நோயாளிகளின் ரத்தத்துலயே காட்டினாங்க. உடம்பு ஆன்டிபாடி தயாரிக்குது. அது அந்த நேரத்து வைரஸை நல்லாவே அடிக்குது. அதுக்குள்ள வேற இடத்துல சர்க்கரையை நட்டு மறைச்சுக்கிட்ட புது வைரஸ் வந்துடுது. அந்தக் குழு இதுக்கு வெச்ச பேரு 'சர்க்கரைக் கேடயம்'.

அந்த ராத்திரி ஹாஸ்டல் மொட்டை மாடியில இதைப் படிச்சுட்டு நான் ரொம்ப நேரம் சும்மா உக்காந்திருந்தேன். சித்தி கேட்ட கேள்விக்குப் பதில் கிடைச்சுடுச்சு.

"சர்க்கரை எங்கம்மா?"

செமினார் அன்னிக்கு, நெட்டுல இருந்து இறக்கின ஜிபி120 படத்தைப் பெருமையா ஓ.ஹெச்.பி.யில போட்டேன். 1998-ல் பீட்டர் குவாங், வேய்ன் ஹெண்ட்ரிக்சன், ஜோசப் சொட்ராஸ்கி குழு எக்ஸ்-ரே முறையில் எடுத்து 'நேச்சர்' இதழில் வெளியிட்ட அமைப்பு. நாடா நாடாவா, சுருள் சுருளா, கலர்ஃபுல்லா இருக்கும். இந்த மாதிரி எந்தப் புரத அமைப்பு வந்தாலும் அது சரியான்னு சரிபார்க்க, 1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஜி.என்.ராமச்சந்திரன் குழு கொடுத்த 'ராமச்சந்திரன் பிளாட்'டைத்தான் உலகம் முழுக்கப் பயன்படுத்தறாங்கன்னும் எடுத்துவிட்டேன். கைதட்டல்!

கடைசி பெஞ்ச்ல உக்காந்திருந்த மேடம் மெதுவா கேட்டாங்க. "அரைமணி நேரமா சர்க்கரை, சர்க்கரைன்னு சொன்னே. இந்தப் படத்துல சர்க்கரை எங்கம்மா?"

திரும்பிப் பார்த்தேன். படத்துல சர்க்கரையைக் காணோம்.

எனக்கு வியர்த்துடுச்சு. மேடமே பதில் சொன்னாங்க. சர்க்கரைக் கிளைகள் ஒரு நிலையில நிக்காம ஆடிக்கிட்டே இருக்கும். அதோட புரதம் படிகமா மாறாது. அதனால ஆராய்ச்சியாளர்கள் சர்க்கரையில் 90 சதவிகிதத்துக்கு மேல என்சைம் போட்டு நீக்கிட்டு, ஆடுற வளையங்களையும் வெட்டிட்டுத்தான் படம் எடுத்தாங்க. சர்க்கரை அடர்ந்த பக்கத்துக்கு அவங்க வெச்ச பேரு 'மௌன முகம்'. ஆன்டிபாடி எதுவும் போய்த் தொடாத பக்கம்.

"அது ஒரு பெரிய சாதனை. ஆனா உரிச்சு வெச்ச தேங்காயைக் காட்டிட்டு, தென்னை மரம் இப்படித்தான் இருக்கும்னு சொல்லக் கூடாது. சரியா?" மேடம் சிரிச்சுட்டுப் போயிட்டாங்க.

எனக்குத்தான் சிரிப்பு வரல. எங்க வீட்டுல நாங்க பண்ணினதும் அதுதானேன்னு தோணிச்சு. 'மஞ்சக்காமாலை'ன்னு ஒரு போர்வை. 'இப்பத்தான் குடிச்சேன்'னு ஒரு போர்வை. யாரும் தொடாத பக்கத்துல சித்தி.

ரெண்டாவது டம்ளர்

அந்தத் தீபாவளிக்கு ஊருக்குப் போனவ, பையை வெச்சுட்டு நேரா சித்தி வீட்டுக்குப் போனேன். 2004 ஏப்ரல் 1-ந் தேதி அரசாங்கம் இலவச ஏ.ஆர்.டி. மருந்துத் திட்டத்தை ஆரம்பிச்சிருந்துச்சு. 2006 ஆரம்பத்துல சித்தியோட சிடி4 எண்ணிக்கை 200-க்குக் கீழ போனதும் அவங்களுக்கும் மாத்திரை ஆரம்பிச்சிருந்தாங்க. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. கன்னத்துல கொஞ்சம் சதை போட்டிருந்துச்சு.

"சித்தி, போன வருஷம் ஒரு கேள்வி கேட்டீங்கள்ல... பதில் கொண்டாந்திருக்கேன்"னேன். மிஷினை நிறுத்திட்டுத் திரும்பி உக்காந்தாங்க.

கிளைகோசைலேஷனை எப்படிச் சொல்றது? பஸ்ஸுல வரும்போதே யோசிச்சு வெச்சிருந்தேன்.

"சித்தி, ஒரு வீட்டுல நல்ல காவல் நாய் இருக்குது. ஒரு திருடன் வர்றான். ஆனா அவன் அந்த வீட்டுக்காரரு வேட்டியையே கட்டிக்கிட்டு, அவரு துண்டையே போத்திக்கிட்டு வர்றான். நாய் குரைக்குமா?"

"மோப்பம் புடிச்சா நம்ம வாசம்தானே வரும்... குரைக்காது."

"அதுதான் சித்தி. அந்தக் கிருமி மேல இருக்கற போர்வை நம்ம ஒடம்பே நெய்ஞ்சு கொடுத்தது. போர்வை விலகற சந்துல நாய் எப்படியோ ஒரு வாட்டி கண்டுபிடிச்சுக் கடிச்சுடுதுன்னு வைங்க. அடுத்த நாள் அந்தச் சந்தையும் மூடிக்கிட்டு வேற மாதிரி கட்டிக்கிட்டு வந்துடறான். சில நேரம் நாய் அவன் கழட்டிப் போட்ட செருப்பைக் கடிச்சுக்கிட்டு நிக்குது. உங்க ரிப்போர்ட்டுல பாசிட்டிவ்னு இருக்கறது, நாய் கடிச்சிருக்குன்னுதான் அர்த்தம். திருடனைப் பிடிச்சுட்டதா அர்த்தம் இல்ல."

செருப்புன்னு நான் சொன்னது நிஜம்தான் ஃபிரெண்ட்ஸ். உடம்பு உண்டாக்கற ஆன்டிபாடியில நிறைய, உடைஞ்சு போன முள்ளுத் துண்டுகளையும், வைரஸுக்கு உள்ளே இருக்கற புரதங்களையும்தான் பிடிக்குது. முழு முள்ளைப் பிடிக்கறது கொஞ்சம்தான்.

"அப்ப இந்த மாத்திரை?"

"அது வேட்டியைப் பத்திக் கவலையே படறதில்ல சித்தி. உள்ள போய் அவன் ஆளைப் பெருக்கற மிஷினையே நிறுத்திடுது. அதனாலதான் ஒரு நாளும் விடாம போடணும்."

சித்தி கொஞ்ச நேரம் ஊசியில நூல் கோத்துக்கிட்டே இருந்தாங்க. பிறகு கேட்டாங்க.

"அப்ப என் ஒடம்பு சும்மா இல்ல. சண்டை போட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்குது?"

"தினமும் சித்தி. ஒரு நாள்கூட விட்டதில்ல."

"கெட்ட ஒடம்பு, பாவம் புடிச்ச ஒடம்புன்னு எத்தனை பேரு சொல்லிட்டாங்க கண்ணு. நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்..." அவ்வளவுதான் சொன்னாங்க. அழல. எழுந்து உள்ளே போனாங்க.

"சித்தி, மோர் இருக்குதுங்களா?"ன்னு நானே கேட்டேன்.

அதே டம்ளர். ஒரே மூச்சுல குடிச்சேன். இன்னொண்ணும் வாங்கிக் குடிச்சேன். "மன்னிச்சுக்குங்க"ன்னு நான் சொல்லல. சொல்லத் தெரியல. சித்திக்குப் புரிஞ்சிருக்கும்னு நினைக்கறேன்.

அதுக்கப்புறம்...

நான் இப்போ ஒரு காலேஜ்ல பயோகெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுக்கறேன். அந்த முள்ளோட கதையை விடாம படிச்சுக்கிட்டே இருக்கேன்.

1984-ல், இன்னும் ரெண்டு வருஷத்துல தடுப்பூசி சோதனைக்குத் தயாராகிடும்னு அமெரிக்க சுகாதார அமைச்சர் மார்கரெட் ஹெக்லர் நம்பிக்கையா அறிவிச்சார். நடக்கல. வெறும் ஜிபி120-ஐ வெச்சு செஞ்ச 'எய்ட்ஸ்வாக்ஸ்' 2003-ல் தோத்துப்போச்சு. 2009-ல் தாய்லாந்தில் 16,000 பேருக்கு மேல போட்டுப் பார்த்த இன்னொரு முறை 31 சதவிகிதம்தான் காப்பாத்துச்சு. அதே வழியில் தென்னாப்பிரிக்காவில் நடந்த சோதனையை, பலன் இல்லைன்னு 2020-ல் நிறுத்திட்டாங்க.

ஆனா 2013-ல் ஒரு நல்ல செய்தி. ரோஜியர் சாண்டர்ஸ், ஜான் மூர், இயன் வில்சன், ஆண்ட்ரூ வார்ட் இவங்க சேர்ந்த குழுக்கள், உதிர்ந்து போகாம இருக்க ஒரு கூடுதல் பிணைப்பு போட்டு, மூணு ஜோடியும் சேர்ந்த முழு முள்ளோட அமைப்பை வெளியிட்டாங்க. இந்த முறை படத்துல சர்க்கரை இருந்துச்சு! எங்க மேடத்துக்கு போன் பண்ணி, "சர்க்கரை வந்துடுச்சு மேடம்"னேன். அவங்களுக்கு ஞாபகம் இருந்துச்சு.

இன்னொண்ணு. நோய்த்தொற்று உள்ளவங்கள்ல ஒரு சின்னப் பகுதியினருக்கு, சில வருஷம் கழிச்சு ஒரு அபூர்வ ஆன்டிபாடி உருவாகுது. 2009-ல் கண்டுபிடிச்ச பிஜி9, பிஜி16 அந்த வகை. நீளமான கையை நீட்டி, மரங்களுக்கு நடுவுல நுழைஞ்சு, சர்க்கரையையும் சேர்த்தே பிடிச்சுக்குது. எது கேடயமா இருந்துச்சோ, அதையே பிடிமானமா மாத்திக்குது. 2022-ல் வெளியான ஒரு முதல்கட்ட சோதனையில், இந்த மாதிரி ஆன்டிபாடியில வேற ஒரு வகைக்கு விதை போடற முயற்சி, 36 பேர்ல 35 பேருக்குப் பலிச்சுது. இது முதல் படிதான். தடுப்பூசி இன்னும் வரல. வாழைப்பழத்துல இருக்கற ஒரு லெக்டின் அந்த மேனோஸ் சர்க்கரையைப் பிடிச்சு வைரஸைத் தடுக்குதுன்னு 2010-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்துல கண்டுபிடிச்சாங்க. அது லேப்ல! வாழைப்பழம் சாப்பிட்டா சரியாகும்னு யாராச்சும் கிளப்பிவிட்டா நம்பிடாதீங்க.

சித்தி? நல்லா இருக்காங்க. இப்போ ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை. ரத்தத்துல வைரஸ் அளவு, டெஸ்ட்ல கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் கீழ. அப்படியே தொடர்ந்து இருந்தா, உடலுறவு மூலமாக்கூட இன்னொருத்தருக்குப் பரவாதுன்னு பெரிய பெரிய ஆய்வுகள்ல நிரூபிச்சிருக்காங்க. ஆத்தா 2011-ல படுத்த படுக்கையானப்ப, கடைசி மூணு மாசம் பக்கத்துல இருந்து கஞ்சி ஊட்டினது சித்திதான். தனி டம்ளர் எடுத்து வெச்ச அதே ஆத்தாவுக்கு. ஒரு நாள் ஆத்தா, சித்தி கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல. என்ன பேசினாங்கன்னு எனக்குத் தெரியாது. நான் கேக்கவும் இல்ல.

இதை எழுதலாமான்னு சித்திகிட்ட கேட்டேன். "பேரு மட்டும் போடாத கண்ணு. தம்பிக்குப் பொண்ணு பாத்துக்கிட்டு இருக்கோம்"னாங்க. இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் அந்த ஒரு போர்வை தேவைப்படுது பாருங்க. 2017-ல் சட்டம் வந்தாச்சு. ஹெச்.ஐ.வி. இருக்குன்னு சொல்லி யாருக்கும் படிப்பையோ, வேலையையோ, சிகிச்சையையோ மறுக்கக் கூடாது. ஒருத்தரோட நிலையை அவர் சம்மதம் இல்லாம வெளியே சொல்லக் கூடாது. ஆனா ஒரு டம்ளரை வாங்கிக் குடிக்கச் சொல்லி எந்தச் சட்டமும் போட முடியாது. அது நீங்களும் நானும் பண்ண வேண்டியது.

உங்க காலேஜ்ல ரெட் ரிப்பன் கிளப் இருக்கும். டிசம்பர் 1-ந் தேதி பேரணி போவீங்க, கோலம் போடுவீங்க, போஸ்டர் போட்டியில ஜெயிப்பீங்க. எல்லாம் சூப்பர். உங்களுக்கே ஏதாவது சந்தேகம்னா, அரசு ஆஸ்பத்திரியில 'நம்பிக்கை மையம்'னு போர்டு இருக்கும். போனா இலவசமா டெஸ்ட் எடுப்பாங்க, ரகசியமா வெச்சுக்குவாங்க. தயங்காதீங்க. ஆனா அதைவிட முக்கியமா, உங்க தெருவுல, உங்க சொந்தத்துல யாரும் போய்த் தொடாத பக்கமா ஒருத்தர் இருந்தா, ஒரு எட்டு போய்ப் பாருங்க. அஞ்சு மார்க் பதில் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். எழுதினது போதும், ஒரு தடவை செஞ்சும் பாருங்க.

அப்புறம் சொல்ல மறந்துட்டேனே... அந்த மோர் நல்லாவே இருந்துச்சு. உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல்!